உலகம் அழுத வயலினும் எங்கள் ரோஸ்பாணும்

இன்று பின்னேரம், அரியாலையில் அக்கா வீட்டில்.

அத்தான் புது ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறார். தனக்குப் பிடித்த இசையமைப்பாளரின் பின்னணி இசையைக் கேட்கவென்றே என்னைக் கூப்பிட்டிருந்தார். படத்தில் கதாநாயகனின் தாய் சாகும் இடம்.

"கண்ணை மூடிக்கொண்டு கேள். உப்பிடி வயலின் போட இனி ஒருத்தன் பிறந்து வரோணும்."

கேட்டேன். உண்மையிலேயே நெஞ்சைப் பிசைந்தது. கண்ணைத் திறந்தபோது அத்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அப்போது அக்கா குசினிக்குள் இருந்து கூடையோடு ஓடிவந்து, எங்களைக் கடந்து வாசல் படலைக்குப் போனார். அங்கே முன்வீட்டு அன்ரியும் பையோடு நின்றார்.

"எங்கை பாண் வண்டி?" என்று அக்கா திரும்பிக் கேட்டார்.

"உது பாண் வண்டியில்லை. தாய் சாகிற இடம்," என்றார் அத்தான்.

"எனக்கென்ன தெரியும்? பாண் வண்டியிலையும் உதைத்தானே போடுறவங்கள்."

அத்தான் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டார்.

பிறகு அதே வயலின் ஒழுங்கை முடக்கில் கேட்டது; பேக்கரி ரோஸ்பாணும் பணிசும் ஏற்றிய ஓட்டோ வந்துகொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, உங்கடை இசையமைப்பாளர் வாறார். எத்தினை பணிஸ் வேணும்?"

"மூண்டு," என்றார் அத்தான், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

உங்கள் ஒழுங்கையில் எந்த மேதை பாண் விற்கிறார்? இங்கே சொல்லுங்கள். அத்தானிடம் மட்டும் சொல்லவேண்டாம்.