ஒட்டகச்சிவிங்கிக்குப் பிடித்த உடுப்பு

காலை ஐந்து மணிக்கு அபுதாபி முசஃபாவில் எங்கள் தொழிலாளர் கேம்ப் வாசலில் வண்டி ஏறும்போதே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சர் பனியாஸ் தீவு! போவது ஏசி பழுது பார்க்கத்தான். ஆனால் அங்கே ஒட்டகச்சிவிங்கிகள் கட்டுக்காவல் இல்லாமல் உலவுகின்றனவாம். அதில் ஒன்றோடு நின்று படம் எடுத்து அனுப்புவதாக மகள் கயலுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் வகுப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள். பையில், துபாய் சத்வா கடைத்தெருவில் முப்பத்தைந்து திர்ஹாமுக்கு வாங்கிய வெள்ளைச் சட்டை. ஆறு வருடமாக ஊருக்கு அனுப்பிய எந்தப் படத்திலும் நான் வேலைக்குப் போடும் நீலக் கவரால் உடுப்போடு நின்றதில்லை. எங்கள் ரூமில் எவனும் நின்றதில்லை.

ஜெபல் தன்னா படகுத்துறை வரை ஏறக்குறைய இருநூற்றிருபது கிலோமீட்டர். பிறகு படகு. தீவின் நடுவே செந்நிற உப்பு மலைகள். மழை காணாத மண்ணில், சொட்டுநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஆயிரமாயிரம் மரங்கள்!

ஒரு மணிக்கு வேலை முடிந்தது, கலாஸ். திரும்பும் படகு நாலு மணிக்கு. தீவில் தீவன வண்டி ஓட்டும் தூத்துக்குடிக்காரர் சேவியர், மேலாளரிடம் கேட்டுவிட்டு என்னை ஏற்றிக்கொண்டார். நான் வெள்ளைச் சட்டைக்கு மாறினேன்.

மான் கூட்டம் சாலையைத் தாண்டியது. நீண்ட கொம்புள்ள வெள்ளை ஓரிக்ஸ் மான்கள் நிழலில் நின்றன. சின்னப் பிள்ளைபோலக் கத்திவிட்டேன். ஆனால் ஒட்டகச்சிவிங்கி? மூன்று முறை நெருங்கினோம். மூன்று முறையும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடையைக் கட்டியது. மணி மூன்றேகால். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணாச்சி, கவராலைப் போடும்வே," என்றார் சேவியர். "தீனி போடுத ஆளுவ எல்லாம் அந்த நீலத்தத்தான் போட்டிருக்காவ. வெள்ளச் சட்டைய அதுக்குத் தெரியாது."

"வீட்டுக்குப் போற படம்ணே."

"அப்ப ஒட்டகச்சிவிங்கி இல்லாம அனுப்பும்."

கயலின் வகுப்பை நினைத்துக்கொண்டேன். கிரீஸ் கறையோடு கவராலை மாட்டி வண்டிமேல் நின்றேன். மரங்களுக்கு அப்பாலிருந்து அது ஆடி அசைந்து வந்தது. வந்தே விட்டது! குனிந்து என் காலரை மோந்தது. மூச்சு சுடச்சுடக் கழுத்தில் பட்டது. சேவியர் என் கேமராவில் கிளிக் செய்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிரவுசிங் சென்டரிலிருந்து படத்தை அனுப்பிவிட்டுப் போன் போட்டேன்.

"அப்பா, அது என்ன மோந்து பாக்குது?"

"அப்பாவோட டூட்டி உடுப்ப."

"அதுக்கு மட்டும் காட்டியிருக்கீங்க. எங்களுக்கு ஏம்ப்பா இத்தன நாளும் காட்டல?"