அக்னி மூலைக்குப் போன பம்ப்

பம்பை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த அன்று ஆலை முதலாளி இருந்தார், ஃபிட்டர் இருந்தார், குழாய்க்குப் பள்ளம் வெட்டிய என் நைனா இருந்தார், கணக்குப் போட்ட நான் இருந்தேன். பம்ப் கம்பெனி இன்ஜினியர் வரவில்லை. இடம் காட்டிய வாஸ்துக்காரரும் வரவில்லை.

புத்தலப்பட்டுப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை அது. கூழைக் குளிரவைக்க நிலத்தடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இழுக்கும் பெரிய பம்ப். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; என்னை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் வேலை அது. தொட்டியை ஒட்டியே பம்பை வைத்து, மூன்று மீட்டருக்கு வளைவே இல்லாமல் பன்னிரண்டு இன்ச் உறிஞ்சு குழாய் என்று வரைந்திருந்தேன். பம்பின் வாய் பத்து இன்ச்தான். ஆனாலும் உறிஞ்சும் பக்கம் குழாய் பெரிதாக இருந்தால்தான் தண்ணீர் நிதானமாக வந்து சேரும்.

தொட்டி ஈசான்ய மூலையில் இருந்தது. “ஈசான்யத்துல பாரம் ஏத்தக்கூடாது பாபு. மோட்டார அக்னி மூலைக்கு மாத்திடு, சரேனா?” என்றார் முதலாளி. மூன்று மீட்டர் பதினொன்றானது. இரண்டு வளைவுகள் வந்தன, ஒன்று பம்பின் வாயிலேயே.

நைனாவுக்கு மீட்டர் கணக்கில் கூலி. “இன்னும் ரெண்டு மூல மாத்துடா, இந்த வாரம் கறி துன்னலாம்” என்று சிரித்தார்.

பன்னிரண்டு இன்ச் வளைவு சித்தூரில் இல்லை. திருப்பதியில் நாலு நாள் ஆகும் என்றார்கள்.

“பம்பு வாயே பத்துதானே சாரே, பத்துலயே போட்டுக்கினு போலாம். மாங்கா லாரிங்க வந்துக்கினே கீது” என்றார் ஃபிட்டர்.

தலையாட்டினேன். பழைய கணக்குத் தாளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே ஜல்லியை அள்ளிப் போட்டு அரைப்பது போல் ஒரு சத்தம். நைனா ஃபிட்டரிடம், “பெரிய மோட்டாருன்னா சத்தம் போடாதா? எம்புள்ள போட்ட கணக்குப்பா” என்றார். அதற்குமேல் நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் தண்ணீர் ஏறவில்லை. பம்பைப் பிரித்தோம். உள்ளே சுழலும் வெண்கலச் சக்கரத்தைக் கையில் வாங்கினேன். கறையான் அரித்த பலகை மாதிரி இருந்தது. ஒரு ஓட்டையில் விரலை விட்டேன், மறுபக்கம் வந்தது. உறிஞ்சு குழாயில் தண்ணீர் திணறினால் ஆவிக் குமிழிகள் உண்டாகும், அவை நசுங்கி உலோகத்தைத் தின்னும் என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியவன் நான். வெண்கலத்தை இப்படித் தின்னும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

“பத்து இன்ச்சுன்னு எவுரு சொன்னது?” என்று கேட்டார் முதலாளி.

ஃபிட்டர் தரையைப் பார்த்தார்.

“நான்தான் சார்.”

நைனா சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ அன்னிக்குப் போட்ட சத்தம்…”

“இதுதான் நைனா.”

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். “நீயே சரி பண்ணிட்டுப் போ” என்றார். பம்பை அக்னி மூலையிலிருந்து நகர்த்த மட்டும் கடைசிவரை ஒப்பவில்லை. அங்கேயே குழி வெட்டி பம்பைத் தாழ இறக்கி, வளைவைத் தள்ளி வைத்து, பன்னிரண்டு இன்ச் குழாய் போட்டோம். குழியை நைனாதான் வெட்டினார். இந்த முறை சிரிக்கவில்லை.

புதுச் சக்கரம், குழாய், குழி, வாசலிலேயே அழுகிய இரண்டு லாரி மாங்காய், எல்லாம் சேர்த்து ஆலைக்கு நான்கு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய் நஷ்டம்.