மதினிக்குப் போன மாத்திரை

மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலை பறித்த அம்மா, மலையிறங்கி என்னோடு தச்சநல்லூரில் தங்கிய பிறகுதான் அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அவளோடு கொழுந்து பறித்த அத்தையும் பக்கத்துத் தெருவிலேயே குடியேறியிருந்தாள். சொந்தமில்லை. ஆனால் அவளும் அம்மாவும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தைக்கும் சர்க்கரை, அம்மாவைவிட முற்றியது.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுக் கம்பெனியின் புது மாத்திரையைச் சோதித்துப் பார்த்தார்கள். அம்மாவைச் சேர்த்துக்கொண்டார்கள். அத்தைக்குச் சிறுநீரகம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார்: சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. அம்மாவின் காதில் விழுந்தது வெளிநாட்டு மருந்து, இலவசம் என்பது மட்டும். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பாளா அவள்? எனக்குத்தான் அன்றைக்கே சந்தேகம். ஏன், அவர்கள் ஊரில் சர்க்கரைக்காரர்களே கிடையாதா?

மலையில் ஒரு வழக்கம். ஆஸ்பத்திரி தூரம், பஸ்ஸை நம்ப முடியாது. வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் யாருக்காவது நல்ல மாத்திரை கிடைத்தால், நோய் அதிகமுள்ளவளுக்குத்தான் அது போகும். கீழே வந்தும் அம்மா அதை விடவில்லை. எனக்குத் தெரியாமல் ஒவ்வொரு டப்பாவும் அப்படியே மதினிக்குப் போயிருக்கிறது. காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்ததும் நர்ஸம்மா மெச்சுவாளாம். ரத்தம் எடுத்துப் பார்த்து, மாத்திரையால் ஒரு கோளாறும் இல்லை என்பார்களாம். அதை அம்மா வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வாள்.

மழை பிடித்த சமயம் அத்தைக்குக் கால் வீங்கியது, பிறகு கண் மஞ்சளானது. என்னென்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று பெரியாஸ்பத்திரியில் கேட்டார்கள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "என் மாத்திரைய மதினிதான் சாப்பிட்டாவ" என்றாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைவிடப் பயம். தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அது மருந்தா வெறும் மாவா என்று சொன்னால் போதும், அதற்கேற்ற வைத்தியம் பார்க்கலாம். விஷயத்தைக் கேட்ட டாக்டர் உடனே கம்பெனிக்கு எழுதினார். நோயாளியின் எண் என்ன என்று பதில் வந்தது. அத்தைக்கு ஏது எண்? அம்மாவின் எண்ணைக் கொடுத்தார். அந்த எண்ணுக்குரியவர் நலமாகத்தான் இருக்கிறார், அவசரமில்லை, குழு கூடி முடிவெடுக்கும் என்றார்கள். அந்தக் குழு கூடுவதற்குள் அத்தை போய்விட்டாள்.

காரியம் முடிந்து ஆற்றில் முழுகிவிட்டு, ஈரச்சேலையோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் அம்மா.

"ஏட்டி, என் ரெத்தத்தப் பாத்து அந்த மாத்திரை நல்லதுன்னுதான எழுதியிருப்பாவ?"

ஆமாம், ஆனால் அவள் கணக்கை எடுத்துவிடச் சொல்லி டாக்டர் கம்பெனிக்கு எழுதியிருக்கிறார் என்றேன். அம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்தாள்.

"அங்கன மாத்திரை வாங்க வாரதுல முக்காவாசிப் பேரு நம்ம மலைக்காரவதான். நான் மட்டுமாட்டி பங்கு வச்சிருப்பேன்?"