ஒத்திவைக்கப்பட்ட திருத்தமும் என் தமையனார் சதாசிவம் அவர்களும்

சர்வகலாசாலைப் பட்டதாரிகள் சங்கப் பத்திரிகையின் பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, ஜொகூர், கூலாயிலிருந்து அமிர்தவல்லி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. காலஞ்சென்ற என் தமையனாரைப் பற்றித் தாங்கள் கேட்டருளிய கட்டுரையைக் குறித்த காலத்தில் அனுப்பத் தவறினேன். அதன்பொருட்டுத் தங்களிடமும் தங்கள் வாசகர்களிடமும் மன்னிப்புக் கோருகிறேன். எழுத உட்காரும்போதெல்லாம் முதல் வரியிலேயே என் பேனா நின்றுவிட்டது. இன்றும் மனம் தேறி எழுதவில்லை. இனித் தேறாது என்று தெரிந்துகொண்டு எழுதுகிறேன்.

செய்தி தந்தியாக வந்தது. வழக்கமாகக் காகிதத்தை நீட்டிவிட்டுப் பறந்துவிடும் மலாய்த் தபால்காரர், அன்று மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். பள்ளிக்கூடத்தை மிதித்தறியாத நான், அண்ணன் அவர்கள் விட்டுச்சென்ற புத்தகங்களைக் கொண்டு ஆங்கிலத்தை நானாகவே கற்றவள். கற்காமலே இருந்திருக்கலாம் என்று அன்றுதான் எண்ணினேன். பொந்தியான் மருத்துவமனையில் குளிர்காய்ச்சலால் அவர் உயிர் பிரிந்தது என்பதே தந்தியின் பொருள்.

அவரை அறியாதோர்க்கும் சில சொல்லவேண்டும். கூலாய்க்கு அருகே, செடெனாக்கை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் தந்தையார் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தார். அண்ணனைக் கப்பலேற்றித் தாயகத்திற்குப் படிக்க அனுப்பினார். பி.ஏ. தேறிய அண்ணன், சர்வகலாசாலை அலுவலகத்திலேயே எழுத்தராக அமர்ந்து, நாளடைவில் ஆராய்ச்சிப் பட்டக் குழுவின் காரியதரிசியாக உயர்ந்தார். யாரை மேற்பட்டப் படிப்பில் சேர்ப்பது, யார் மேற்பார்ப்பது, ஆராய்ச்சியுரையை எவரிடம் மதிப்பிடக் கொடுப்பது ஆகியவற்றைத் தீர்மானிப்பது குழு. அத்தீர்மானங்களை நடத்தி வைப்பது அவர்.

மாணாக்கரைக் காக்கவைப்பது அவருக்குப் பொறாது. ஒருமுறை, மதிப்பிட வந்த உரையைப் பிரித்தும் பாராமல் வைத்திருந்த பேராசிரியர் ஒருவரின் இல்லத்திற்குத் தினமும் காலையில் சென்று அமர்ந்தாராம்.

"என்ன ஓய், ஆபீஸ் வேலையெல்லாம் என் வீட்டிலேயா?" என்று பேராசிரியர் சலித்துக்கொண்டதற்கு, "வேலையா வரலைங்க. உங்க வீட்டுக் காப்பி நல்லாயிருக்கு. நீங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் குடிச்சிட்டுப் போறேன்" என்றாராம். அந்த வாரத்திற்குள் மதிப்புரை வந்து சேர்ந்தது.

அக்காலத்தில்தான், தொலைவூர்களில் இருந்துகொண்டு பிறரைக் கொண்டு உரை எழுதுவித்துச் சிலர் பட்டம் பெறுவதாகப் புகார் எழுந்தது. அதைத் தடுக்கும் விதியை வகுத்துத் தருமாறு குழு அண்ணனைப் பணித்தது. ஆராய்ச்சி மாணாக்கர் இரண்டாண்டுக் காலம் சர்வகலாசாலை நகரிலேயே தங்கியிருத்தல் வேண்டும் என்று அவர் எழுதிக்கொடுத்தார். எழுத்து மாறாமல் அது நிறைவேறியது. விடுமுறையில் கூலாய்க்கு வந்தபோது அதைப் பெருமையோடு எனக்குப் படித்துக்காட்டினார்.

"அப்போ என்னைப்போல வீட்டோட இருந்து படிக்கிறவங்க என்ன செய்யறதாம்?" என்றேன்.

"நீ முதல்ல ஒரு பட்டத்தை வாங்கு தங்கச்சி. மேற்பட்டத்துக்கு அப்புறமா சண்டைக்கு வா. உன் தமிழைக் கேட்டாலே குழு கலைஞ்சிடும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ரப்பர் விலை சரிந்த காலத்தில் தந்தையார் மறைந்தார். அண்ணன் பதவியைத் துறந்து திரும்பி வந்து, அதே தோட்டத்தில் கிராணியானார். அங்கேதான் தம் ஆராய்ச்சியைக் கண்டுகொண்டார். தோட்டத் தமிழர் பேச்சில் மலாய்ச் சொற்கள் எவ்வாறு புகுந்து, எவ்வாறு தமிழாகி நிற்கின்றன என்பதே அவர் எடுத்த பொருள். பால்மரம் சீவும் பெண்களிடம் நின்று கேட்டு எழுதுவார். அவர்களுள் வாயாடியான அஞ்சலை ஒருநாள் கேட்டாள்:

"கிராணி ஐயா, நாங்க திட்டுறதையுமா எழுதுறீங்க?"

"அதைத்தான் முதல்ல எழுதுறேன்."

"அலமாக்! அப்போ எம் புருஷன்தான் புஸ்தகம் பூரா வருவாருலா!"

அன்று நிரை முழுவதும், அதாவது அந்த மர வரிசை முழுவதும், எழுந்த சிரிப்பொலியில் மேற்பார்வைக் கங்காணியே ஓடி வந்துவிட்டார்.

ஆராய்ச்சிப் பட்டத்திற்கு அண்ணன் விண்ணப்பித்தார். நகரில் தங்கியிராதவரைச் சேர்த்துக்கொள்ள விதியில் இடமில்லை என்று மறுமொழி வந்தது. ஆராயவேண்டிய பேச்சு இங்கே. தங்கவேண்டிய ஊர் அங்கே. மறுமொழியில் விதியை எடுத்தெழுதியிருந்த வரியின்மேல் அவர் விரலை வைத்தார்.

"என் வாக்கியம்தான் அமிர்தம். அப்படியே வச்சிருக்காங்க. இந்த ஊர்ல பொறந்தவன் நான். எழுதினப்போ இந்த ஊர் என் நெனப்புலயே வரல பாரு."

"அங்கே எல்லாரும் உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே அண்ணே? உங்களுக்கு மட்டும் விலக்குக் கேளுங்க."

"தெரிஞ்சவனுக்குக் கதவைத் திறந்தா, தெரியாதவன் வெளியவே நிப்பான். விதியைத்தான் மாத்தணும்."

கடல் கடந்த நாடுகளில் ஆராய்ச்சிப் பொருள் உள்ளோர், குழு ஏற்கும் ஒருவரின் மேற்பார்வையில் அங்கேயே தங்கி ஆராயலாம் என்னும் திருத்தத்தை அவர் வரைந்து அனுப்பினார். முதலில், போதிய உறுப்பினர் வராமையால் ஒத்திவைக்கப்பட்டது. பின்னர், தலைவர் வெளியூர் சென்றமையால் ஒத்திவைக்கப்பட்டது. அதன்பின், துணைக்குழுவின் கருத்தறியும் பொருட்டு ஒத்திவைக்கப்பட்டது. "ஒத்திவைக்கப்பட்டதுன்னு எத்தனையோ தடவை நானே எழுதியிருக்கேன். எழுதுறப்போ வலிச்சதில்ல, தங்கச்சி. படிக்கிறப்போதான் வலிக்குது" என்றார்.

ஆயினும் ஆராய்ச்சியை நிறுத்தினாரில்லை. திருத்தம் நிறைவேறும் நாளில் உரை ஆயத்தமாக இருக்கவேண்டும் என்று உழைத்தார். இறுதி அத்தியாயத்திற்காகப் பொந்தியான் கடலோரத் தென்னந்தோப்புகளில் வாழும் நம்மவர் பேச்சைக் கேட்டு வரப் புறப்பட்டார். "போலாம், போயிட்டு வந்துடலாம், ரெண்டு நாள் வேலைதான்" என்றே சொல்லிச் சென்றார். உரை முற்றுப்பெற்றது. லாரியில் அவர் உடலோடு அதுவும் வந்தது.

ஆசிரியர் அவர்களே, என் நெஞ்சைத் தாங்கொணாத் துயரில் ஆழ்த்தியது அதற்குப் பின் நிகழ்ந்தது. தாங்கள் கட்டுரை வேண்டி எழுதிய மடலுடன், ஆராய்ச்சிப் பட்டக் குழுவின் அனுதாபத் தீர்மானத்தையும் அனுப்பியிருந்தீர்கள். உறுப்பினர் அனைவரும் வந்திருந்தனர். அனைவரும் எழுந்து நின்று மௌனம் காத்தனர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அண்ணன் உயிரோடிருந்தவரையில் கூடாத அந்த முழுக் குழு, அவருக்காக வருந்துவதற்குக் கூடியது. அன்றைய நிகழ்ச்சிக் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். திருத்தத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எழுந்து நின்றவர்கள் மீண்டும் அமர்ந்து அதை எடுத்துக்கொண்டிருக்கலாம். என் தமையனார் அதைவிடச் சிறந்த அஞ்சலியை விரும்பியிருக்கமாட்டார்.

தோட்டத்து மயானத்தில் அவரைத் தீயிட்டபோது மழை பெய்துகொண்டிருந்தது. பால் வெட்டு இல்லாத நாளாகையால் எல்லாரும் வந்திருந்தார்கள். அவருக்குச் சொல் கொடுத்த பெண்கள், மயானத்திற்குப் பெண்கள் வரலாகாது என்பதைப் பொருட்படுத்தாமல், ரப்பர் மரங்களுக்கிடையே நனைந்தபடி நின்றார்கள். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஐயா எழுதினதை அங்க படிச்சுட்டாங்களா?"

"இன்னும் இல்லை, அஞ்சலை."

"படிப்பாங்கதானே?"

தெரியாததைச் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அண்ணா, தாங்கள் விதியோடு வாதாடினீர்கள், ஒருவரோடும் பகைக்கவில்லை. சென்று வாருங்கள்.

இப்பத்திரிகையை வாசிப்போரில் பலர் அக்குழுவின் உறுப்பினர் என்பதை அறிவேன். நம்பிக்கையால் கேட்கவில்லை, அது என்னிடம் மிஞ்சவில்லை. திருத்தம் அடுத்த கூட்டத்தில் எடுக்கப்படுமா, எடுக்கப்படாதா? எடுக்கப்பட்டால், மறைந்தவரின் உரை மதிப்பிடப்படுமா, படாதா? இல்லை என்பதாயினும், விரைவில் பதில் எழுதுங்கள்.