வவுணதீவில் ஒரு கோழியும் சாகவில்லை

கால்நடை அலுவலகத்தில் வெளிக்கள உத்தியோகத்தனாகச் சேர்ந்து சில வருடங்கள்தான். அனுபவம் எழுதும் வயதா உனக்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் நான் விட்ட பிழையை விடக்கூடாது. காத்திருந்தால் எனக்கே மறந்துவிடும்.

1. பச்சை வரைபடம்

வெளிநாடுகளில் பறவைக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம். இங்கே வந்தால் முதல் நாளே கண்டுபிடிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் ஆயத்தம் முழுவதும் ஒரு அலுமாரிக்குள் அடங்கியது: சுனாமி நேரம் வந்து மிஞ்சிய கையுறைகள், முகமூடிகள், ஐஸ் வைத்து மாதிரி அனுப்ப ஒரு ரெஜிபோம் பெட்டி, ஒரு கட்டுப் படிவம்.

எனக்கு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம். சண்டையில் இடம்பெயர்ந்த சனம் அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. வீட்டுக்குப் பத்துக் கோழி நிவாரணமாகக் கொடுத்திருந்தார்கள். வீடு வீடாகப் போய், "இந்தக் கிழமை எத்தின கோழி செத்த?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சாகல்ல தம்பி."

மூன்று கிழமையும் எல்லா வீட்டிலும் இதே பதில். வரைபடம் கீறி, கிராமங்களுக்குப் பச்சை நிறம் தீட்டி, எங்கள் மிருக வைத்தியரிடம் பெருமையோடு நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கோழி சாகாத ஊரா? அப்ப நானும் அங்க ஒரு வளவு வாங்கப் போறன். திரும்பப் போய்ப் பாருங்க தம்பி."

2. யோகம்மாவின் பதில்

யோகம்மா இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்தவர். கோழியும் முட்டையும்தான் வருமானம். நான் போனபோது வாசலில் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது முட்டை இடுற கோழிதானே? ஏன் அறுத்தீங்க?"

"காலையில இருந்து தூங்கித் தூங்கி விழுந்திச்சு. செத்துப்போனா ஆர் தின்னுற? அதான் அறுத்துட்டன்."

"போன கிழம?"

"போன கிழம ரெண்டு. அதுக்கு முதல் ஒண்டு."

"நான் கேக்கக்குள்ள ஒண்டும் சாகல்ல எண்டீங்களே!"

"ஓம், சாகல்லதானே. நீங்க செத்ததத்தானே கேட்டீங்க? அறுத்ததக் கேட்டா அறுத்ததச் சொல்லியிருப்பன்."

அடுத்த வீட்டில் கேட்டேன். நாலு அறுத்திருந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் மூன்று. ஒருவரும் பொய் சொல்லவில்லை. சோர்ந்த கோழியை அது சாகும்வரை எந்த வீட்டிலும் விட்டுவைப்பதில்லை. இதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கும் அது தெரியும். என் வீட்டிலும் அப்படித்தான். படிவத்தில் அந்தக் கேள்வி இல்லாததால் நானும் கேட்கவில்லை.

யோகம்மாவிடம் ஆறு கோழி மிச்சம். அதில் இரண்டு கழுத்தைத் தொங்கப்போட்டு நின்றன. மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறேன், முடிவு வரும்வரை அறுக்கவோ விற்கவோ தின்னவோ கூடாது, கூட்டுக்குள் அடைத்துவைக்க வேண்டும், செத்தால் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்றேன்.

"அந்த நோய்தான் எண்டா எல்லாத்தையும் உயிரோட தாட்டுப்போடுவீங்களாம். மறுகா எனக்கு ஆர் கோழி தாற?"

சுற்றறிக்கையில் அதற்குப் பதில் இருக்கவில்லை. நான் வேறொன்றைச் சொன்னேன்: "நாலு நாளில முடிவு வந்திரும் அக்கா. அந்த நோய் இல்லெண்டா உங்கட பாடு."

நாலு நாள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. உற்சாகத்தில் வாயில் வந்தது.

"நாலு நாள்தானே, பொறுக்கிறன்," என்றார். நான் பஞ்சுக் குச்சியால் ஸ்வாப் எடுக்கும்போது கோழியின் செட்டையை அவரே அமத்திப் பிடித்தார்.

3. பெட்டி போன வழி

சோதனைச்சாவடியில் ரெஜிபோம் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே குச்சிகளும் ஐஸும். "குண்டா?" என்று ஒரு ஆமிக்காரர் அரைகுறைத் தமிழில் கேட்டார். கோழியின் வாயில் எடுத்தது என்று சொல்லி, கொக்கரித்தும் காட்டினேன். சிரித்தார்கள். ஆனாலும் மேலதிகாரி வந்து பார்க்கும்வரை பெட்டி வெயிலில் திறந்தே கிடந்தது. ஐஸ் கரைந்துபோனது. மறுநாள் திரும்பப் போய் இரண்டாவது முறை ஸ்வாப் எடுத்தேன். பிறகு ஆமி பாதையை மூடிவிட்டது. மாதிரி எங்கள் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருந்தது. மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் ஐஸ் வாங்கிவந்து அடுக்கினேன். பாதை திறந்த பிறகுதான் அனுப்ப முடிந்தது.

மலைநாட்டு ஆய்வுகூடத்திலிருந்து முடிவு பத்தொன்பதாவது நாள் வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை. ராணிக்கெட் நோய். கோழிக்கு மட்டும் ஆபத்தான, தடுப்பூசி உள்ள பழைய நோய். எங்கள் மிருக வைத்திய டொக்டர் உடனே தடுப்பூசி எடுத்துத் தந்தார். சுற்றுக் கிராமங்களில் போட்டோம், அங்கே நோய் நின்றது.

யோகம்மாவின் கூடு வெறுமையாகக் கிடந்தது.

"அந்த நோய் இல்ல அக்கா."

"அப்ப முதலே அறுத்திருந்தா திண்டிருக்கலாம்?"

"ஓம்."

"ஆறு கோழி. நீங்க சொன்ன மாதிரியே சுண்ணாம்பு போட்டுத் தாட்டன். பிள்ளைகள் பாத்துக்கொண்டு நிண்டதுகள்." பிறகு, "நாலு நாள் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்ன?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல. நானாச் சொன்னது."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இப்போது படிவத்தில் "எத்தனை அறுத்தீர்கள்" என்று ஒரு நிரல் கையால் கீறிச் சேர்த்திருக்கிறேன். நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகமூடியும் கையுறையும் அலுமாரியில் இருந்தால் ஆயத்தம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். கோழியைப் பிடித்துத் தருகிறவருக்கு மாற்றுக் கோழி எங்கிருந்து வரும் என்று யாராவது முதலே எழுதிவைத்திருக்க வேண்டும். டொக்டர் மாற்றுக் கோழிக்கு வழி கேட்டு மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்.

பதில் எப்போது வரும் என்று யோகம்மா கேட்டார். தெரியாது என்றேன்.