டரல் எங்கே போவார் என்று எனக்குத் தெரியும்

1. யூலை மாதத்து அதிகாரி

கூடைப்பந்து லீக் அலுவலகம் ஒன்றில் பத்தொன்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றுவிட்டேன். இத்தனை வருடத்தில் ஒருதரம்கூடக் கூடைக்குள் பந்து போட்டதில்லை. வீரர்களின் லைசென்ஸ் பதிவதும் போட்டி அட்டவணை போடுவதும்தான் என் வேலை. இப்போது என் கதிரையில் இருக்கும் பிள்ளைக்காக இதை எழுதுகிறேன்.

நோர்வேயில் யூலை வந்தால் நாடே ஹித்தைக்குப் போய்விடும். ஹித்தை என்றால் காட்டிலோ கடலோரத்திலோ இருக்கும் விடுமுறைக் குடில். எங்கள் செயலாளர் ஹோகுனின் ஹித்தையில் ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் ரெலிபோன் எடுபடும். மழை பெய்தால் பாறை வழுக்கும். ஆகவே மழை நாட்களில் லீக்குக்குச் செயலாளர் கிடையாது. எனக்கு ஹித்தை இல்லை, ஒஸ்லோவின் ஓரத்தில் ரொம்மனில் மூன்று அறை வீடுதான். திருகோணமலைக்குப் போவதென்றால் டிசம்பரில் போவேன். அதனால் ஒவ்வொரு யூலையும் அலுவலகத்தில் நான் மட்டும்.

அப்படியொரு யூலையில்தான் டரலின் ஒப்பந்தம் முடிந்தது. டரல் இரண்டு மீற்றருக்கு மேல் உயரமான அமெரிக்கர், எங்கள் லீக்கின் பெரிய நட்சத்திரம். ஒப்பந்தம் முடிந்து எந்தக் கழகத்துக்கும் போகலாம் என்று நிற்கிறவரை ஃப்ரீ ஏஜென்ற் என்பார்கள். அவரைப் போல இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். இரண்டாமவர் டரல் சொல்லட்டும் என்றார். மூன்றாமவர் இரண்டாமவர் சொல்லட்டும் என்றார். எட்டுக் கழகங்களும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூத்தவளுக்குச் சரிவராமல் இளையவளுக்குப் பேச முடியாத வீடு மாதிரி இருந்தது லீக்.

2. கட்டில்

டரல் ஒஸ்லோவுக்குத்தான் வருவார் என்று எல்லோருக்கும் நிச்சயம். ஒஸ்லோக் கழகத்தின் அனுசரணையாளர் ஒரு கட்டில் கடைக்காரர். டரலின் உயரத்துக்கு அளவெடுத்து ஒரு கட்டிலைச் செய்வித்து, அதன்மேல் தான் படுத்துப் படமும் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை சம்மதம் சொல்ல முதலே கட்டில் வந்த முதலாவது சம்பந்தம் அதுவாகத்தான் இருக்கும்.

பத்திரிகைகள் நோர்வே வரைபடத்தில் அம்புக்குறி போட்டன. டரலின் மனதில் என்ன ஓடுகிறது என்று இரண்டு பெடியன்கள் கிழமைக்கு ஒருதரம் ஒரு மணித்தியாலம் ஒலிபரப்பினார்கள். டரல் சரித்திரத்தில் இடம் தேடுகிறார் என்றார் ஒருவர். இல்லை, கிண்ணம் தேடுகிறார் என்றார் மற்றவர். ஹோகுன் பாறைமேல் நின்று என்னைக் கூப்பிட்டு, டரலின் முடிவு லீக்கையே மாற்றி எழுதும் என்று சொன்னார். அதற்குள் தூறல் விழுந்து லைன் அறுந்தது.

3. பார்னஹாகே

அந்தக் கிழமை டரலின் மனைவி மோனிக் அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்தார். ஒஸ்லோவிலும், மேற்குக் கரையில் டரலைக் கேட்டிருந்த இன்னொரு சிறு நகரத்திலும், மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓகஸ்டில் எங்கே பார்னஹாகே கிடைக்கும் என்று கேட்டார். பார்னஹாகே என்றால் இங்கத்தைய பாலர் பாடசாலை. இரண்டு பிள்ளைகளை இந்த ஊரில் வளர்த்தவள் நான். மார்ச்சில் விண்ணப்பிக்காவிட்டால் மிச்சமிருக்கிற இடம்தான் என்று விளங்கப்படுத்திவிட்டு, நானே இரண்டு இடத்துக்கும் ரெலிபோன் அடித்தேன். ஒஸ்லோவில் காத்திருப்போர் பட்டியல் என்றார்கள். மேற்குக் கரையிலும் என்னைப் போல ஹித்தை இல்லாத ஒருத்தி இருந்திருக்க வேண்டும். விளையாட்டு மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது, பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டாள்.

மோனிக்கிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"அப்படியென்றால் நாங்கள் அங்கேதான் போகிறோம். டரலுக்குப் பந்து எங்கே போட்டாலும் ஒன்றுதான்."

இரகசியம் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் அதை இரகசியமாக்கினேன். எங்கள் பழக்கம் அது. கல்யாணமோ, வீடோ, விசாவோ, கையெழுத்து விழும்வரை வாய் திறக்க மாட்டோம். திறந்தால் கண்ணூறு பட்டுக் குழம்பிவிடும். என் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததை என் கூடப்பிறந்த தங்கைக்கே வகுப்புத் தொடங்கிய பிறகுதான் சொன்னேன். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. பெரிய பெரிய ஆம்பிளைகள் அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்க, விடை என் மேசையில் கிடந்தது.

4. தயாபரன்

இரண்டு நாள் கழித்துத் தயாபரன் வந்தான். தாய் தகப்பன் மட்டக்களப்பு. அவன் பிறந்து வளர்ந்தது எங்கள் பக்கத்து வெஸ்ட்லியில். முப்பது வயது. ஒஸ்லோக் கழகத்தில் பந்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடம் அவனுடையது. எங்கள் லீக்கில் நட்சத்திரங்களைத் தவிர எல்லோருக்கும் பகலில் ஒரு வேலை உண்டு. அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர், நிரந்தர வேலை.

மேற்குக் கரைக் கழகத்தின் பயிற்சியாளர் அவனை ரெலிபோனில் கேட்டிருந்தார். இரண்டு வருடம், முழுநேரச் சம்பளம், வேறு வேலை தேவையில்லை. பதினைந்து வயதிலிருந்து அவன் கண்ட கனவு அது. ஒப்பந்தப் பேப்பர் மட்டும் தலைவர் ஹித்தையிலிருந்து திரும்பியதும் வருமாம். அதே கழகம்தான் டரலையும் கேட்டிருந்தது. ஆனால் டரல் அங்கே போவார் என்று பயிற்சியாளரே நம்பவில்லை. அந்தச் சின்னக் கழகத்தில் இரண்டு பேருக்குச் சம்பளம் இருக்காது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"அன்ரி, உங்களுக்குத்தான் எல்லாம் முதல்லை தெரியவரும்," என்றான். "டரல் ஒஸ்லோவுக்குத்தானே வாறான்? அப்பிடியெண்டால் அங்கத்தையச் சம்பளம் எனக்குத்தான். ஸ்கூல் துவங்கமுதல் சொல்லவேணும், இண்டைக்கே விலகல் கடிதம் அனுப்பிப்போட்டு அங்கை போயிடுவன்."

"எனக்கென்ன தம்பி தெரியும். பேப்பர் வந்தால்தான் எங்களுக்குக் கணக்கு," என்றேன் நான். "எல்லாம் நல்லபடி நடக்கும். கோப்பி குடிச்சிட்டுப் போ."

கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். கோப்பியைக் குடித்தபடி, எனக்கு முன்னால் அந்தக் கதிரையிலேயே இருந்து, கைத்தொலைபேசியில் அதிபருக்குக் கடிதம் எழுதி அனுப்பினான். கடிதம் போன சத்தம் எனக்குக் கேட்டது. அவன் சிரித்தான், நானும் சிரித்தேன்.

5. ஓகஸ்ட்

ஓகஸ்டில் எல்லோரும் வெயிலில் கறுத்துத் திரும்பி வந்தார்கள். டரல் மேற்குக் கரையில் கையெழுத்து வைத்தார். அந்தக் கழகம் தயாபரனுக்கு ஒரு மன்னிப்பு ஈமெயில் அனுப்பியது, கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மையோடு. கட்டில் கடைக்காரர் கோபத்தில் அனுசரணையை நிறுத்தினார். அந்தப் பணம் இல்லாமல் ஒஸ்லோக் கழகம் லீக்கிலிருந்து விலகியது. எட்டு ஏழானது. அட்டவணையை நான் முதலிலிருந்து போட்டேன். ஒவ்வொரு கிழமையும் ஒரு கழகம் சும்மா இருக்க வேண்டிவந்தது. நிர்வாகசபை கூடி, அதற்கு 'திட்டமிட்ட ஓய்வு' என்று பெயர் வைத்தது. கட்டில் ஒரு மண்டபத்தின் பின்னறையில் கிடக்கிறது. பாய்களை அதன்மேல் அடுக்குகிறார்கள்.

டரலின் கழகம் நாலாவதாக வந்தது. மகள் பார்னஹாகேயில் சந்தோஷமாக இருக்கிறாளாம். பத்திரிகைப் பேட்டி ஒன்றில் மோனிக், யூலையிலேயே தங்களுக்கு இடம் பிடித்துத் தந்த லீக் அலுவலகத் தமிழ்ப் பெண்ணுக்கு நன்றி சொல்லியிருந்தார். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். லீக்கை மாற்றி எழுதியவள் நீதான் என்று ஹோகுன் என் தோளில் தட்டினார். என் துண்டை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

ஒக்ரோபரில் ஒருநாள் வேலை முடிந்து ஐந்தாம் இலக்க மெட்ரோவில் வரும்போது தயாபரன் ஏறினான். பள்ளிக்கூடத்தில் அவனுடைய இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். ஆள் குறைகிற நாட்களில் இரண்டு மூன்று பள்ளிக்கூடங்களில் பதில் ஆசிரியராகப் போகிறான். என்னைக் கண்டதும் விலகிப் போகவில்லை, பக்கத்தில் வந்து இருந்தான். பேட்டியை வாசித்தேன் என்றான்.

"நான் வந்த அண்டைக்கு உங்களுக்குத் தெரியுமோ, அன்ரி?"

"ஓம்," என்றேன்.

ரொம்சோஸ் நிலையம் தாண்டியதும் அவன் சொன்னான்:

"டரலின்ரை பேரே சொல்லியிருக்கத் தேவையில்லை. ஒரு கிழமை பொறு எண்டு சொல்லியிருந்தாக் காணும். ஏனெண்டுகூடக் கேட்டிருக்க மாட்டன்."

அடுத்தது ரொம்மன். நான் இறங்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

பிள்ளை, நீ இருக்கிற மேசையின் இழுப்பறையில் இரகசியம் பேணும் விதி இருக்கிறது, ஒரே ஒரு பக்கம். கழகங்கள் அனுப்புகிற பேப்பர்களைப் பற்றி மட்டும்தான் அதில் எழுதியிருக்கிறது. முன்னால் இருக்கிறவன் தன் வேலையை விட்டுக் கடிதம் எழுதும்போது நீ கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சும்மா இரு என்று அதில் எந்த இடத்திலும் இல்லை. நான் இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டேன்.