கிழக்குச் சுவரடியில் நாற்பத்தைந்து நிமிடம்

ரொறன்ரோ நகர மையத்திலுள்ள அந்தக் கல் தேவாலயத்துக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் முதலில் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பெப்ரவரி வியாழக்கிழமை. சுற்றிப் பார்க்கப் போகவில்லை. தங்கையின் கணவர் சிவத்தின் அகதி வழக்கு தோற்று, திருப்பி அனுப்ப நாளும் குறித்துவிட்டார்கள். அதைத் தடுக்கக் கேட்கும் மனுவுக்கு அந்தத் தேவாலயப் பாதிரியார் ஆதரவுக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். பகல் பன்னிரண்டுக்குள் அது லோயரின் கைக்குப் போகவேண்டும். பத்து மணியிலிருந்து பெரிய வாசலில் நிற்பேன், பத்தரைக்கு ஒரு மரணச் சடங்குக்குப் போய்விடுவேன் என்று பாதிரியார் போனில் சொன்னார்.

நாங்கள் இருந்த மில்லிக்கனில் எட்டே காலுக்கு பஸ், பிறகு கென்னடியில் சப்வே. ஆளுக்கு இரண்டு டொலர், ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர். நானும் சிவமும் 9:50க்குப் போய்விட்டோம்.

நான் அப்போது கட்டட வரைபடம் கீறும் வேலையில் இருந்தேன். எனக்குத் தெரியாததா! கிழக்குச் சுவரில் பிரமாண்டமான வண்ணக் கண்ணாடி யன்னல், அருகில் பூட்டிய ஒரு கதவு.

"உதுதான் மச்சான் வாசல். சாமி கிழக்கப் பாத்துத்தானே இருக்கும்?"

"மற்றப் பக்கமும் ஒருக்காப் பாப்பமே?" என்றார் சிவம்.

"முழங்கால் மட்டும் ஸ்னோ. நாங்கள் அங்கால போற நேரம் அவர் வந்திட்டா? பேசாம நில்லும்."

10:35க்கு ஸ்னோ தள்ளிக்கொண்டு வந்த காவலாளி எங்களைக் கண்டு திகைத்தார். பாதிரியார் அரை மணி நேரம் மேற்கு வாசலில் காத்திருந்துவிட்டு, இப்போதுதான் காரில் போனாராம்.

இரங்கி உள்ளே விட்டார். இடைக்கால இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயங்களைப் பார்த்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியதாம். கூரான வளைவுகள், கவிழ்த்த வள்ளம் போன்ற மரக்கூரை. மேற்கால் நுழைந்து, விடியும் திசையிலுள்ள பீடத்தை நோக்கி நடப்பது அந்தக் கால முறை. சிவம் எதையும் பார்க்கவில்லை. கடைசி வாங்கில் உட்கார்ந்து மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிரியார் ஒரு மணிக்குத் திரும்பினார். கடிதம் இரண்டு மணிக்கு லோயரிடம் போனது. அடுத்த கிழமை சிவத்தை விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது, அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. பாதிரியாரின் கடிதம் நேரத்துக்குக் கிடைத்திருந்தாலும் தடுத்திருக்கும் என்று சொல்லமுடியாது என்றார் லோயர். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

போகிறவர்களுக்கு: கட்டணமில்லை. குளிர்காலத்தில் நல்ல பூட்ஸ் வேண்டும். கதவு பூட்டியிருந்தால் அங்கேயே நிற்காதீர்கள், வாசல் மேற்கில்.

தங்கை என்னிடம் ஒரே ஒரு தரம்தான் கேட்டாள். "ஒருக்காச் சுத்திப் பாத்திருக்கலாமே, அண்ணை?"

எந்தக் கோயிலுக்குப் போனாலும் மூன்று தரம் சுற்றிக் கும்பிடுகிற ஆள் நான்.